ஐந்தாம் லைனின் கொய்யா விதைகள்

போன மாதம் சர்க்கரை பார்ப்பதற்காகப் பாலக்காடு பக்கத்துச் சித்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தேன். மேசையில் இருந்த பெண் என் பெயரை மூன்று முறை கேட்டாள், வயதை இரண்டு முறை. பிறகு கோடு கோடாக அச்சிட்ட ஒரு துண்டுத் தாளைக் குப்பியில் ஒட்டி, அதே கோடுகளை என் சீட்டிலும் ஒட்டினாள். ஆள் மாறிவிடக் கூடாதாம். எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தாத்தா. கர்ப்பமா இல்லையான்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதுல இல்லைன்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் போகுமுங்க."

இல்லை என்றே போடச் சொன்னேன். எனக்கு வயது எழுபத்தெட்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஒரு படிவமும் வேறு ஒரு கட்டமும் நினைவுக்கு வந்துவிட்டன. பரிசோதனைக் கூட ஊழியர்களின் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து போயிருந்தார்கள். கருவிகள் எப்படி மாறிவிட்டன என்று எழுதச் சொன்னார்கள். கருவிகளைப் பற்றி அவர்களுக்கே என்னைவிட அதிகம் தெரியும். நான் அந்தக் கட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கு ஊர் எலப்புள்ளி. வயல் அண்ணன்மாருக்குப் போயிற்று, படிப்பு எனக்கு வந்தது. பாலக்காட்டில் ஒரு வருஷப் பயிற்சி. முதல் ஆறு மாதம் குப்பி கழுவினேன். அடுத்த ஆறு மாதத்தில், மற்றவர்கள் கழுவிய குப்பி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மலைக்கு மேல் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பள்ளிவாசல் என்ற ஊருக்கும் சித்திரபுரத்துக்கும் நடுவில், மின்வாரியக் குடியிருப்புகளின் விளக்குகள் கீழே தெரியும் ஒரு மேட்டில் ஆஸ்பத்திரி இருந்தது. தோட்டத்து ஆட்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். என் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை வரும் 'ங்க' அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நான் யாரையோ கெஞ்சிக்கொண்டே இருப்பதாக அவர்கள் முதலில் நினைத்தார்களாம்.

ஆஸ்பத்திரியின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்று சொல்வார்கள். சின்ன டாக்டர் என்று யாரும் இருந்ததில்லை. கோட்டயம் பக்கத்து மலையாளி. ஐம்பது வயது இருக்கும். நல்ல மருத்துவர். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் படிவம். எந்தக் காரியத்தையும் படிவம் அச்சடித்த பிறகுதான் தொடங்குவார். படிவத்தில் கட்டம் இருக்கும் விஷயம் உலகத்தில் இருந்தது. கட்டம் இல்லாதது அவர் கவனத்துக்கு வருவதற்குச் சிரமப்பட வேண்டியிருந்தது. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். நோய் உண்டு என்றால் சிவப்பு மை, இல்லை என்றால் நீலம். அவர் அறைச் சுவரில் தோட்டத்தின் வரைபடம் தொங்கியது. ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். மொத்தம் ஒன்பது லைன்கள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு அல்லது நீலத் தலை வைத்த குண்டூசி குத்தியிருக்கும். அவர் தினமும் காலையில் தேநீரோடு அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்.

நான் சேர்ந்தபோது ஒன்பதும் சிவப்பு. காரணம் கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் வழியாக உள்ளே போய், குடலில் கொக்கி போட்டுக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிற புழு. கொழுந்து எடுக்கிற பெண்கள் வருஷம் முழுவதும் வெறுங்காலோடு ஈர மண்ணில்தான் நின்றார்கள். புழுவுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு யாரும் செய்துகொடுக்க முடியாது.

முதல் வருஷக் கணக்கெடுப்பு இப்படி நடந்தது. களிம்பு வந்த காலி டப்பாக்களைக் கழுவி, மூடியில் ஆணியால் எண் கீறி, சாயங்காலம் வீட்டுக்கு வீடு கொடுப்போம். தாள் ஒட்டினால் பனியில் பிய்ந்துவிடும். மறுநாள் காலை ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு கூடை வைத்திருப்போம். அதில் டப்பாவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். கொட்டைப்பாக்கு அளவு போதும் என்று சொல்லியிருந்தோம். பாதி டப்பா வராது. சிலதில் ஆட்டுப் புழுக்கை இருக்கும். வந்ததை நான் கல்லுப்புத் தண்ணீரில் கரைத்து, சின்னக் குப்பியில் வாய்வரை நிரப்பி, மேலே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்துக் காத்திருப்பேன். உப்புத் தண்ணீரில் முட்டைகள் மேலே மிதந்து வந்து சில்லில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சாயாமல் தூக்கி மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தால், மெல்லிய ஓட்டுக்குள் நாலைந்து உருண்டைகளோடு முட்டை தெரியும். என் மேசைக்கு ஒரு கால் குட்டை. மடித்த தாளை அடியில் வைத்துத்தான் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

சிவப்பு மை விழுந்தவர்கள் எல்லோருக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. வெறும் வயிற்றில் மருந்து, பிறகு பேதிக்கு உப்பு. அன்று முழுவதும் தலை சுற்றும், நிற்க முடியாது. படிவத்தில் எண், பெயர், வயது, லைன், முட்டை, மருந்து, விளைவு என்று ஏழு கட்டங்கள் இருந்தன. விளைவு என்ற கட்டத்தில் டாக்டர் எல்லோருக்கும் 'நன்று' என்று தன் கையால் எழுதினார்.

அதன் பிறகுதான் கழிப்பறை வந்தது. டாக்டரே வரைந்த திட்டம். குழி, மேலே சிமென்ட் பலகை, பாதம் வைக்க இரண்டு மேடு, மூங்கில் தட்டி. ஒரே ஒரு லைனுக்குக் கட்டிப் பார்க்க நிர்வாகம் சம்மதித்தது. ஐந்தாம் லைன் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது சாலையோரம் இருந்தது, வருகிற விருந்தாளிகளுக்குக் காட்ட வசதி என்பதுதான் அறிவியல் காரணம்.

அதே சமயத்தில் ஐந்தாம் லைனுக்கு மாடசாமி என்று ஒருவர் குடிவந்தார். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தின் கேட்டில் காவல்காரராகச் சேர்ந்தார். கொல்லைக்குப் போகும்போதும் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர். வேலையில் சேரும்போது எல்லோருக்கும் செய்கிற சோதனையை அவருக்கும் செய்தேன். ஒரு முட்டை இல்லை. நான் அந்தத் தோட்டத்தில் பார்த்த முதல் சுத்தமான வயிறு. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லச் சொன்னார். நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, மாடசாமியைப் பக்கத்தில் நிறுத்தி, அவருடைய பூட்ஸைக் காட்டி, இவர் வயிற்றில் புழுவே இல்லை, எல்லோரும் இவரைப் போல இருக்க வேண்டும் என்று சொன்னேன். பட்டாளத்தார் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பெண்கள் மிகவும் கவனமாகக் கேட்டார்கள்.

இரண்டாம் வருஷக் கணக்கெடுப்பில் மற்ற லைன்களின் டப்பாக்கள் வழக்கம்போலவே வந்தன. ஐந்தாம் லைனின் இருபத்தாறு டப்பாக்களும் முதல் நாளே கூடைக்கு வந்துவிட்டன. ஒன்று குறையவில்லை. எல்லாம் கொட்டைப்பாக்கு அளவு, கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்தாறிலும் முட்டை இல்லை. இருபத்தாறிலும் கொய்யா விதை இருந்தது.

இதை நான் டாக்டரிடம் சொன்னேன். கொய்யாக் காலம் என்றார். ஒரே லைனில் எல்லோருமா என்று கேட்டேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எடோ பழனிச்சாமி, இதுல முட்டைக்குக் கட்டம் உண்டு. விதைக்கு எங்கே கட்டம்?"

இருபத்தாறு பெயருக்கு நேராகவும் நீல மை விழுந்தது. படத்தில் ஐந்தாம் லைனுக்கு நீலக் குண்டூசி வந்தது. அந்தக் காலத்தில் நான் ஒரு நாளிதழுக்கு மலைச் செய்திகள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். யார், எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று நாலு வரியில் சொல்ல வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். ஐந்தாம் லைனில் கொக்கிப்புழு ஒழிந்தது என்று நாலு வரி எழுதினேன். எப்படி என்ற கேள்வியை ஆசிரியரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் கோட்டயத்தில் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் இதைக் கட்டுரையாக வாசித்துவிட்டு வந்தார். நிர்வாகம் மனம் நெகிழ்ந்து, மற்ற எட்டு லைன்களுக்கும் கழிப்பறை கட்ட உத்தரவிட்டது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் காலையில் ஐந்தாம் லைனிலிருந்து பொன்னுத்தாயைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கொழுந்து எடுக்கிறவள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஏழு மாதக் கர்ப்பம். கணவன் சுடலைமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவள் முகம் வீங்கி, உதடும் நகமும் வெளுத்து, நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். அப்போது ஹீமோகுளோபின் பார்க்கிற முறை எளியது. அளந்த ரத்தத்தை அமிலத்தில் விட்டு, அது பழுப்பானதும், இரண்டு பக்கமும் இருக்கிற பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் தாங்குகிறதோ அவ்வளவு நல்ல ரத்தம். பொன்னுத்தாயின் ரத்தம் சில சொட்டுகளையே தாங்கியது. மூடுபனி வெளிச்சத்தில் ஏமாந்துவிட்டேனோ என்று வராந்தாவுக்குக் கொண்டுபோய் மறுபடி செய்தேன். நாலரை கிராம். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில்.

டாக்டர் முதலில் கேட்டது மலப் பரிசோதனை. வார்டிலேயே டப்பா கொடுத்தோம். மத்தியானம் சுடலைமுத்து அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். பார்த்தேன். முட்டை இல்லை. டாக்டர் நீல மையில் எழுதினார். எழுதும்போது அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். அது கவலை என்று சொல்ல முடியாது. புழு இல்லாத லைனில், புழு இல்லாத பெண்ணுக்கு, இவ்வளவு மோசமான ரத்தசோகை. அப்படியானால் இது எலும்பு மஜ்ஜையில் வருகிற ஏதோ அபூர்வமான நோயாக இருக்க வேண்டும். தோட்டத்து டாக்டரின் வாழ்க்கையில் அபூர்வமான நோய் அடிக்கடி வருவதில்லை. மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அங்கே நெஞ்செலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள். மறுநாள் காலை ஜீப்புக்கு ஏற்பாடு செய்தார்.

மலை இறங்கி ஒரு பகல் முழுவதும் ஜீப்பில் போக வேண்டும். வார்டைப் பார்த்துக்கொண்டிருந்த அன்னம்மா சிஸ்டர் என்னிடம் வந்து, இந்தப் பெண் வழியில் வரும் அடிமாலியைக்கூட உயிரோடு தாண்டமாட்டாள் என்று சாதாரணக் குரலில் சொன்னார். முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவர். டாக்டரிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். சொன்னாராம். அங்கே ரத்தம் ஏற்றுவார்கள் என்று பதில் வந்ததாம். இன்னொன்றையும் சிஸ்டர் சொன்னார். மூன்று நாளாக இவள் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறக்கவில்லை, அதுவும் பாதி வெளியே வந்துவிடுகிறது.

நான் மேசைக்குத் திரும்பிப் போய், மத்தியானம் வந்த டப்பாவைத் திறந்து மறுபடி பார்த்தேன். இதற்கு மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. கொய்யா விதை.

என் ஜன்னலிலிருந்து தோட்டத்தின் கேட் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் காவல்காரர் பகலில் உட்காரும் குடிசை. குடிசைக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். எல்லா நாளும் பார்க்கிற மரம்தான். மாடசாமி பூட்ஸ் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கொய்யாப்பழத்தைக் கத்தியால் கீறித் தின்றுகொண்டிருந்தார். இவரைப் போல இருக்க வேண்டும் என்று நான்தான் கல்லின் மேல் ஏறி நின்று சொன்னேன். இருந்திருக்கிறார்கள்.

நான் வார்டுக்குப் போனேன். சுடலைமுத்துவைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. டப்பாவில் இருந்தது மாடசாமியுடையது என்று எனக்குத் தெரியும், டாக்டருக்கு இன்னும் தெரியாது என்றேன். பொன்னுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். இப்படியே விட்டால் நாளைக்கு ஜீப்பில் ஏற்றுவார்கள், நெஞ்சில் ஊசி போடுவார்கள், உண்மையான டப்பா வந்தால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். பேதி மருந்துக்குப் பயந்தா இத்தனையும் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"பேதிக்கு யாரு அய்யா பயந்தா? போன தடவ மருந்து குடிச்சேம்லா, அப்ப எனக்கு ரெண்டு மாசம். மூணாம் நாளு அது போச்சு. இந்தா, இதுவும் போகவா?"

மூன்று மாதம் நிறையும்வரை வெளியில் சொல்வது அவர்களிடம் வழக்கமில்லை. சொன்னால் தங்காது என்று நம்பிக்கை. மருந்து கொடுத்த அன்று நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால், வரிசையில் நிறுத்தி வாயில் ஊற்றினோம். அவளுக்கு இழப்பு நேர்ந்தது ஐந்தாம் லைன் பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். மருந்தினால்தான் போயிற்றா என்று என்னால் அன்றும் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியாது. ஆனால் அடுத்த கணக்கெடுப்பு வந்தபோது, அந்த லைனில் எவள் எந்த நிலையில் இருப்பாள் என்று யாருக்குத் தெரியும் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் நீலம் வந்தால் சந்தேகம் வரும். ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒரே ஏற்பாடு. மாடசாமியிடம் கேட்டதற்கு, நாட்டுக்காகப் பதினைந்து வருஷம் உழைத்தவன் லைனுக்காக இதைச் செய்யமாட்டேனா என்றாராம். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் மூச்சு முட்டியது.

இப்போது அந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்கிறேன் என்றேன். நான் கண்ணாடிச் சில்லு பார்க்கிறவன். மருந்தைப் பற்றிப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நீங்க சொன்னா அவுக கேப்பாகளா?"

"கேக்க மாட்டாருங்க. ஆனாச் சொல்லிப் பாக்கறனுங்க."

அவள் கையை நீட்டிப் புது டப்பாவை வாங்கிக்கொண்டாள். கேட்பார் என்று சொல்லியிருந்தால் டப்பாவை வாங்கியிருக்கமாட்டாள் என்று பிற்பாடு சிஸ்டரிடம் சொன்னாளாம். ஒரு மணி நேரத்தில் சிஸ்டரே டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

உப்புத் தண்ணீர் தேவையே இல்லாமல், வெறும் தண்ணீரில் கரைத்த முதல் சில்லிலேயே பார்த்த இடமெல்லாம் முட்டை. டாக்டரைக் கூப்பிட்டேன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சில்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். மேசை ஆடியது.

"இது அவளோடதா?"

"அவங்களோடதுங்க."

"மத்தியானம் வந்தது?"

நான் கொய்யா மரத்தைப் பார்த்தேன். அவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, அந்த லைனில் மற்ற இருபத்தைந்து எப்படி என்று கேட்டார். மறுபடி பார்க்கவில்லை என்றேன். இப்போது பார்க்க வேண்டாம் என்றார். பிறகு, ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டார். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன். மருந்து விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் தன் அறைக்குப் போய் முதல் வருஷப் பதிவேட்டை எடுத்துவந்தார். பக்கத்தைப் புரட்டி, பொன்னுத்தாய் என்ற பெயரில் விரலை வைத்து, குறுக்கே ஏழாவது கட்டம்வரை விரலை ஓட்டினார். 'நன்று' என்று இருந்தது.

"இது நான் எழுதினதா?"

"உங்க கையெழுத்துங்க."

மருத்துவக் கல்லூரிக்கு எழுதிய கடிதம் அவர் பையில் இருந்தது. அதை வெளியே எடுத்து, நாலாக மடித்து, குனிந்து என் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆட்டம் நின்றது. வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள்வரை அந்தக் கடிதம் அங்கேதான் இருந்தது.

ஜீப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரத்தம் இங்கேயே ஏற்றுவது என்று முடிவாயிற்று. சுடலைமுத்துவின் ரத்தம் பொருந்தவில்லை. ஐந்தாம் லைனிலிருந்து வந்த மற்றவர்களில் பாதிப் பேருக்கு, மேலும் ரத்தம் எடுத்தால் அவர்களையும் படுக்கவைக்க வேண்டியிருக்கும். பொருந்தியதும், எடுக்கத் தக்கதாக இருந்ததும் மாடசாமியின் ரத்தம். அந்த லைனுக்கு அவர் அதுவரை கொடுக்காதது அது ஒன்றுதான். பூட்ஸோடு கட்டிலில் படுத்து, கையை நீட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தில் திடீரென்று ஒரு பாட்டிலை ஏற்றினால் அது நின்றுவிடலாம். அதனால் முதல் நாள் அரைப் பாட்டில்தான். பாட்டிலில் செல்கள் அடியில் படிந்த பிறகு, மேலே நின்ற தெளிந்த நீரை எடுத்துவிட்டு, காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். டாக்டர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கையில் கடிகாரம், வலது கை அவள் நாடியில். சொட்டுகளை எண்ணுவார், குழாயின் திருகை ஒரு மயிரிழை திருப்புவார், மறுபடி எண்ணுவார். கால் மணிக்கு ஒரு முறை குனிந்து அவள் முதுகில் குழல் வைத்து, நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று கேட்பார். தேநீர் வந்து ஆறியது. படத்துக்கு முன்னால் நிற்காத ஒரு நாளை நான் அவரிடம் பார்த்தது அன்றுதான். மூன்று மணிக்கு முடிந்தது. பொன்னுத்தாய், பசிக்கிறது என்று சிஸ்டரிடம் சொன்னாள். மீதியை மறுநாள் ஏற்றினோம். இரும்புச் சத்து ஊசி தொடர்ந்தது. புழு மருந்து பிரசவத்துக்குப் பிறகு என்று டாக்டர் தானாகவே எழுதினார். நான் சொன்னதற்காகச் செய்தாரா, தானே செய்தாரா என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை.

மூன்றாம் நாள் மாடசாமி ஒரு துண்டு நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். பொன்னுத்தாயின் கட்டிலில் பாதியை வைத்துவிட்டு, மீதியை டாக்டரின் மேசையில் வைத்து விறைப்பாக நின்றார். டாக்டர் ஒன்றை எடுத்து, பென்சில் சீவுகிற கத்தியால் இரண்டாக வெட்டி, உள்ளே பார்த்தார். என்னைக் கூப்பிட்டு அந்தப் பாதியை என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"பழனிச்சாமி, இதுக்குத்தானே நமக்குக் கட்டம் இல்லாதது?"

பிறகு அதை நன்றாக மென்று தின்றார். நல்ல மரம் என்று மாடசாமியிடம் சொன்னார். பட்டாளத்தார் சல்யூட் அடித்துவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் பொன்னுத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் அழுகைக்குக் குறைவில்லை.

கோட்டயத்தில் வாசித்த கட்டுரையை டாக்டர் திரும்பப் பெறவில்லை. நானும் நாளிதழுக்கு மறுப்பு எழுதி அனுப்பவில்லை. அந்தக் கட்டுரையை நம்பித்தான் மற்ற எட்டு லைன்களிலும் சிமென்ட் பலகை இறங்கிக்கொண்டிருந்தது. பொய்யான டப்பாவினால் உண்மையான கழிப்பறைகள் வந்தன. அதை யார் நிறுத்துவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. எங்கள் டாக்டரிடம் தவறை ஒப்புக்கொள்வதற்கு இருந்த ஒரே வழி அச்சகத்துக்கு ஆர்டர் கொடுப்பது. அடுத்த வருஷம் புதிய படிவம் வந்தது. எட்டுக் கட்டங்கள். புதிய கட்டம் மருந்துக்கு முன்னால் இருந்தது: 'நாள் தள்ளியிருக்கிறதா?' அதை நிரப்புவது சிஸ்டரின் வேலை, வீட்டுக்குள் போய், தனியாகக் கேட்டு. ஆம் என்றால் அந்த ஆளுக்கு மருந்து இல்லை. பெரட்டுக் களத்தில் வாயில் ஊற்றுவதும் நின்றது. படிவம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கட்டம் ஆண்களின் தாளிலும் இருந்தது. அங்கே சிஸ்டர் பொறுமையாக ஒரு கோடு போட்டுக்கொண்டே போவார். மாடசாமியின் தாளில் போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஐந்தாம் லைனின் டப்பாக்கள் முதல் நாளே வரவில்லை. மூன்று நாளாக, ஒன்றிரண்டாக வந்தன. சிலது வழிய வழிய, சிலது பாதி காலி. சுவர்ப் படத்தில் அந்த லைனின் குண்டூசியை டாக்டர் தன் கையால் பிடுங்கி, சிவப்பை வைத்தார். ஒழிந்த புழு எப்படித் திரும்பி வந்தது என்று தோட்டத்து மேலாளர் கேட்டார். இந்த வருஷம் மழை அதிகம் என்று டாக்டர் சொன்னார். மேலாளர் தலையசைத்தார்.

எனக்கு நினைவிருப்பது அந்தக் கணக்கெடுப்பின் முதல் நாள் காலை. பனி விலகவில்லை. களத்தில் கூடையை வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பொன்னுத்தாய் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். டப்பாவைக் கூடையில் போடவில்லை. என் கையில் கொடுத்தாள்.

"என்னோடதுதான் அய்யா. நல்லாப் பாத்துக்கிடுங்க. பாக்கறனுங்கன்னு சொல்லுங்க."

பாக்கறனுங்க என்றேன். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மேசைக்குக் கொண்டுபோய்க் கரைத்துப் பார்த்தேன். கொய்யா விதை இல்லை. முட்டை இருந்தது. ஐந்தாம் லைனிலிருந்து எனக்கு வந்த டப்பாக்களில் நான் முதலில் நம்பியது அதைத்தான்.